மாடி உயரும் நகரமும் மனை இழக்கும் மக்களும்

இளங்கோவடிகள் காட்டும் புகார் நகரம் இரு பாக்கங்களாலானது. கடற்கரையை ஒட்டி மருவூர்ப்பாக்கம். அதற்கு மேற்கே பட்டினப்பாக்கம். மன்னர் வீதியும் பெருவணிகர் மாடங்களும் பட்டினப்பாக்கத்தில் இருந்தன. மீன் விற்கும் பரதவரும், உப்பு விற்போரும், பிட்டும் அப்பமும் சுட்டு விற்போரும், கொல்லரும், தச்சரும், துணி தைப்போரும், மரக்கலமேறி வந்த யவனரும் மருவூர்ப்பாக்கத்தில் தாம் தொழில் செய்த இடத்தை ஒட்டியே குடியிருந்தனர். இவ்விரண்டுக்கும் நடுவே சோலை நிழலில் நாளங்காடி கூடியது. ஏற்றத்தாழ்வு அந்நகரிலும் இருந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் செல்வரும் ஏழையரும் ஒரே அங்காடிக்கு நடந்து வரத்தக்க தொலைவில் வாழ்ந்தனர்.

சென்ற கல்வியாண்டில் இந்திர விழவூரெடுத்த காதையை முதலாமாண்டு வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் வகுப்பறை வாயிலில் வந்து நின்றார். பாடவேளை முடியப் பத்து நிமிடங்களே இருந்தன. அவ்வாரத்தில் அவர் அவ்வாறு வந்தது நான்காம் முறை. சற்றுக் கடுமையாகவே வினவினோம். “வீடு மாத்திட்டாங்க ஐயா” என்று மட்டும் சொன்னார். பின்னர்த் தனியே அழைத்துக் கேட்டோம். கல்லூரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஆற்றங்கரையில் இருந்த அவர்தம் குடியிருப்பு அகற்றப்பட்டு, நகரின் தென்கோடியில் அடுக்குமாடி வீடொன்று அக்குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரு பேருந்துகள் மாறி வரவேண்டும். அவர் அன்னையார் வேலை செய்துவந்த நான்கு வீடுகளில் மூன்றை விட்டுவிட்டார். நாம் வருகைப்பதிவேட்டில் இட்ட குறிகளை அன்று மாலை மீண்டும் பார்த்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

குடிசைகளை அகற்றி மாடி வீடு தருவது நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோற்றுவிக்கப்பெற்றது. 1971இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் செய்த பணி இன்றளவும் பாராட்டத்தக்கது. குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு தளங்களாகக் கட்டி, அங்கு வாழ்ந்தோருக்கே வழங்கியது. மெரினாவை அடுத்த குப்பங்களிலும், சென்னையின் பட்டினப்பாக்கத்திலும் எழுந்த வாரியக் குடியிருப்புகள் அவ்வழி வந்தவை. (புகாரின் பட்டினப்பாக்கம் செல்வர் வாழிடம்; சென்னையின் பட்டினப்பாக்கத்தில் மீனவரும் இருக்கின்றனர். பெயர்கள் செய்யும் விந்தை இது.) பின்னர் 1977 முதல் உலக வங்கியின் துணையோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் முதலிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் தந்து, வீட்டை மக்களே கட்டிக்கொள்ளும் முறையும் வந்தது.

2000ஆம் ஆண்டையொட்டிப் போக்கு மாறியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. அடுத்துச் செம்மஞ்சேரி, அதனையடுத்துப் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவை, எட்டடுக்குக் கட்டடங்களாக. சேரி இருந்த இடம் ஓரிடமாகவும், வீடு தரப்படும் இடம் ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு அப்பால் வேறிடமாகவும் ஆயின. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் சென்றனர். 2019 டிசம்பர் இறுதியில் கூவக்கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள் சென்றன. அது கல்வியாண்டின் நடுப்பகுதி. பள்ளிப் பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வை ஓரிடத்திலும் ஆண்டுத் தேர்வை வேறிடத்திலும் எழுதும் நிலை யாருடைய திட்டத்தில் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. வெள்ளத்திற்கு அஞ்சி இடம்பெயர்க்கப்பட்டோரைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த தாழ்நிலத்தில் குடியமர்த்தியதும், செம்மஞ்சேரியில் மழைதோறும் நீர் புகுவதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

கண்ணகி நகர் என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம் தமிழாசிரியராகிய நமக்கு ஓர் உறுத்தல். பிறந்த ஊரை விட்டு, கணவனோடு காடும் நாடும் நடந்து, புதிய ஊரில் ஆய்ச்சியர் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தவள் கண்ணகி. புதிய நகரம் அவளுக்குச் செய்தது என்ன என்பதை நாம் அறிவோம். பெயரிட்டவர் இதனை எண்ணி இட்டிருக்க மாட்டார். அவ்வூரின் தொடக்கக் கால வீடுகள் சுமார் 200 சதுர அடி அளவின. வேலை தேடிச் செல்லும் இளைஞர் தம் முகவரியைச் சொல்லத் தயங்கும் நிலை நெடுங்காலம் இருந்தது. ஆயினும் அம்மக்கள் அவ்வூரை ஊராக்கிக் காட்டியிருக்கின்றனர் என்பதையும் சொல்லவேண்டும். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். இது அம்மக்களின் சாதனை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது சரியென்பதற்குச் சான்றாக இதனைக் காட்டுவோர் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை.

நிலம் இல்லை; ஆகவே தொலைவில் கொடுத்தோம் என்பதே அரசுகள் காலந்தோறும் கூறும் விடை. கட்சி மாறினாலும் இவ்விடை மாறியதில்லை. இது உண்மைதானா என்று பார்க்க, நகரமைப்பு விதிகளைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1975இல் வந்தது, இரண்டாவது 2008இல். இவை நகரத்தை மண்டலங்களாகப் பகுத்து, இன்ன இடத்தில் வீடு, இன்ன இடத்தில் கடை, இன்ன இடத்தில் தொழிற்சாலை என வரையறுப்பன. அத்தோடு ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கும் அளவு உண்டு. அதனைத் தளப்பரப்புக் குறியீடு என்பர். கணக்கு எளிது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. குறியீடு ஒன்றரை என்றால் எல்லாத் தளங்களையும் கூட்டி 3,600 சதுர அடி கட்டலாம். இரண்டு என்றால் 4,800. நெடுங்காலம் சாதாரணக் கட்டடங்களுக்கு ஒன்றரையாக இருந்த இவ்வளவு இரண்டாக உயர்த்தப்பட்டது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 வரை இடமளிக்கின்றன. இதற்கும் மேல் கட்ட விரும்புவோர் அரசுக்குப் பணம் செலுத்திக் கூடுதல் பரப்பைப் பெறலாம்: 9 மீட்டர் அகலச் சாலையாயின் 30 விழுக்காடு, 12 மீட்டராயின் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் ஆயின் 50.

இவ்விதியைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். உயரம் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. தீயணைப்பு வண்டி செல்லவும் கழிவுநீர்க் குழாய் தாங்கவும் அகலம் வேண்டும் என்பது முறையான காரணமே. ஆனால் விளைவு என்ன? அகன்ற சாலையோரம் மனை வைத்திருப்பவர் மேலும் மேலும் உயரலாம். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் திருவல்லிக்கேணியின் சந்துகளிலும் இருப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஏற்கெனவே வசதியுடையவரின் நிலத்திற்குச் சட்டம் ஒரு தளத்தைப் பரிசளிக்கிறது. நெருக்கமாக வாழ்பவரின் நிலமோ இருந்தபடியே இருக்கிறது. பின்னர் அதே நெருக்கம் காட்டப்பட்டு அவர் வெளியேற்றப்படுகிறார்.

இதனால் உயரமே கூடாது என்று நாம் வாதிடுவதாக எவரும் கருதிவிட வேண்டா. மாடி ஏறினால் தண்ணீர் போதாது, வண்டி நிறுத்த இடமில்லை, காற்று வராது என்று சொல்லிப் புதிய கட்டடங்களை எதிர்ப்போர் நம் ஆசிரிய நண்பர்களிலும் உளர். அவர்கள் கவலை பொய்யன்று. எனினும் கட்டத் தடை விதித்த நகரத்தில் மக்கள் வராமல் நின்றுவிடுவதில்லை. வருவோர் இருக்கும் வீடுகளுக்கே போட்டியிடுவர். அதிகம் தரக்கூடியவர் உள்ளே வர, குறைவாகத் தரக்கூடியவர் வெளியேறுவர். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. மேலே வளர மறுக்கும் நகரம் பக்கவாட்டில் ஏரியையும் வயலையும் விழுங்கி வளரும். அங்கும் தண்ணீர் லாரிதான் வரும். கூடுதல் தொலைவு ஓடி வரும். ஆகவே நடு நகரத்தில் மேலும் பலர் வாழ வழி செய்வது சரி என்பதே நம் கருத்து. எவர் வாழ என்பதில்தான் வழக்கு.

உயரத்தை அனுமதித்தால் வீடுகள் பெருகும், பெருகினால் வாடகை தானே இறங்கும், ஏழைக்கும் இடம் கிடைக்கும் என்று பொருளியல் படித்தோர் கூறுவர். நீண்ட காலத்தில் அது நிகழலாம். ஆனால் பழைய கட்டடத்தை இடிக்கும் நாளுக்கும் அந்த நீண்ட காலத்திற்கும் இடையே அங்கிருந்த குடும்பம் எங்கே இருக்கும்? திருவல்லிக்கேணியில் ஆறு குடித்தனங்கள் இருந்த ஒரு பழைய வீட்டை இடித்து எட்டு அடுக்கக வீடுகள் கட்டினால் கணக்கில் இரண்டு வீடு கூடுதல். இருந்த ஆறு குடித்தனமும் அங்கில்லை. வாடகையரின் பாதுகாப்பும் முன்போல் இல்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், எல்லாம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைப் பொறுத்தனவாயின. ஒப்பந்தக் காலம் முடிந்தவரிடம் உங்கள் ஊர் எது என்று கேட்பாரில்லை. பழைய சட்டம் வீட்டுக்காரர்க்கு இழைத்த அநீதியையும் நாம் அறிவோம். முப்பது ஆண்டுகளாக ஏறாத வாடகையில் இற்று வீழ்ந்த வீடுகள் பலவற்றைக் கண்டிருக்கிறோம். அதற்காக, குடியிருந்தோர்க்கு இடமே இல்லை என்னும் மறுகோடிக்குச் சென்றிருக்க வேண்டியதில்லை.

நம் கருத்து இது. ஒரு மனையின்மேல் கூடுதலாகக் கட்டும் உரிமை அம்மனைக்காரர் உழைத்து ஈட்டிய பொருளன்று. அவர் மனைக்கு முன்னால் சாலையை அகலப்படுத்தியதும், குழாய் பதித்ததும், 2015 முதல் மெட்ரோ ரயில் ஓடச் செய்ததும் பொதுப்பணம். அவ்வுரிமையை அரசு தரும்போது பணமாக மட்டும் விலை பெறுகிறது. அப்பணம் எங்கோ சென்று, எங்கோ வீடாகிறது. அந்த எங்கோ என்பது பெரும்பாலும் நகருக்கு வெளியே. அதற்கு மாறாக, கூடுதல் தளத்தின் விலையில் ஒரு பகுதி அதே பகுதியில், இயன்றால் அதே மனையில், அங்கு முன்பு வாழ்ந்தோர்க்கு வீடாகவே தரப்படல் வேண்டும். இடிப்பதற்கு முன் குடியிருப்போர் பட்டியல் எழுதப்பட்டு, திரும்பி வரும் உரிமை அவர் பெயரில் பதிவாதல் வேண்டும். வாடகையர் பெயரும் அதில் இருத்தல் வேண்டும்.

இது நடவாத கற்பனை என்பார்க்கு மும்பையைச் சுட்டலாம், எச்சரிக்கையாகவும் சுட்டலாம். அங்கு 1995இல் தொடங்கிய குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில், கட்டுவோர் குடிசைவாசிகளுக்கு அவ்விடத்திலேயே விலையின்றி வீடு கட்டித் தரவேண்டும். அதற்கு ஈடாகக் கூடுதல் தளப்பரப்பு பெற்று அதனை விற்றுக்கொள்ளலாம். குடிசைவாசிகளில் 70 விழுக்காட்டினர் இசையவேண்டும் என்பது தொடக்கக் கால நிபந்தனை. நெல்லைச் சீமையிலிருந்து சென்று தோல் பதனிடும் தொழிலை நடத்திய தமிழ் முஸ்லிம்கள் முதலாகத் தமிழர் பலர் தலைமுறைகளாக வாழும் தாராவியும் இவ்விவாதத்தின் நடுவே உள்ளது. திட்டத்தால் பலர் தம் இடத்திலேயே உறுதியான வீடு பெற்றனர். குறிப்பிட்ட நாளுக்கு முன்பே வந்தோம் என்று தாளில் காட்ட இயலாதவர் விடுபட்டனர். விற்பனைக் கட்டடத்திற்கு வெளிச்சம் கிடைக்க, மறுவாழ்வுக் கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. சந்தை விலை ஏறிய இடத்தில் வேலை விரைந்தது. ஏறாத இடத்தில் கிடப்பில் கிடந்தது. வணிகரின் ஆதாயத்தை மட்டும் நம்பி இதனை விட்டால் என்னாகும் என்பதற்கு இதுவே பாடம்.

சென்னைக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. நாம் முன்னர்க் கூறிய எழுபது, எண்பதுகளின் வாரியக் குடியிருப்புகள் இன்று முதுமையடைந்துவிட்டன. அவை நடு நகரத்தில், அரசின் நிலத்தில் உள்ளன. மூன்று நான்கு தளங்களே உடையன. இவற்றை இடித்துக் கட்டும் பணி நடந்தும் வருகிறது. நொச்சிக்குப்பத்தில் கடற்கரையிலேயே மீண்டும் கட்டியிருக்கின்றனர். இத்தகைய இடங்களில் பழைய குடும்பங்கள் திரும்பியபின் மிகும் வீடுகளை, அருகிலுள்ள ஆற்றங்கரை மக்களுக்கு ஒதுக்கலாம். கரையிலேயே இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. 2015ஐக் கண்ட எவரும் அவ்வாறு சொல்லத் துணியார். ஒரு கிலோமீட்டரில் இடம் தேடாமல் 25 கிலோமீட்டருக்கு வண்டி ஏற்றுவதையே மறுக்கிறோம்.

தேடினால் கிடைக்கும் என்பதற்குத் துயரமான சான்றொன்று உண்டு. 2022 மே மாதத்தில் இராசா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்த வீடுகள் இடிக்கப்பட்டபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். அடுத்த நாள்களிலேயே, அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீடு ஒதுக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பை வரவேற்கிறோம். ஆனால் அவ்வீடுகள் அம்முதியவர் உயிரோடிருந்தபோதும் மந்தைவெளியில்தானே இருந்தன?

கட்டினால் மட்டும் போதாது என்பதையும் நினைவூட்ட வேண்டியுள்ளது. புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்காவில் பழைய குடியிருப்பை மாற்றி எழுப்பிய ஒன்பதடுக்குக் கட்டடங்களில், மக்கள் குடியேறிய புதிதிலேயே, 2021இல், கை பட்டால் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடறியும். உயரம் கூடும்தோறும் மின்தூக்கி பழுதானால் எட்டாம் மாடிக்குக் குடம் சுமப்பவர் யார் என்பதையும் எண்ணவேண்டும். இட்லி விற்பவரும், தையல் இயந்திரம் வைத்திருப்பவரும், பழைய இரும்பு வாங்குபவரும் வீட்டையே தொழிற்கூடமாகக் கொண்டவர்கள். அவர்களைக் குடியிருப்பு மண்டலம் என்ற பெயரால் ஏழாம் மாடியில் ஏற்றிவிட்டால் வீடு கிடைக்கும், பிழைப்பு போகும். வாழ்வுரிமைக்குள் பிழைப்புரிமையும் அடங்கும் என்று 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கிலும் அகற்றுதலை நீதிமன்றம் முற்றாகத் தடுத்துவிடவில்லை என்பது வேறு. தரைத்தளத்தைக் கடைகளுக்கும் சிறு தொழிலுக்கும் விடுவது கட்டடக் கலைஞர்க்கு அரிய செயலன்று. மருவூர்ப்பாக்கத்தார் அறிந்திருந்த ஒன்றே அது.

2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாநகரின் 46 இலட்சம் மக்களில் 13 இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடிசைப்பகுதிகளில் வாழ்ந்தனர். ஏறத்தாழ பத்தில் மூவர். இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கெனத் தீட்டப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குரிய மூன்றாம் திட்டத்தின் வரைவுப் பணி நடந்துவந்துள்ளது. இத்தகைய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்கப்படுவது சட்டப்படியான முறை. அக்கூட்டங்களுக்குக் கட்டுமான நிறுவனத்தார் வருகின்றனர். குடியிருப்போர் நலச்சங்கத்தார் வருகின்றனர். அந்தப் பத்தில் மூவர் வருவதில்லை. கூட்டம் வேலை நாளில் நடப்பதால் வர இயலாது. நம் மாணவர்கள் செல்லலாம். ஒரு தெருவில் எத்தனை குடித்தனம், எவ்வளவு காலமாக, என்ன வாடகைக்கு என்று எழுதிக்கொண்டுபோய்க் கொடுக்கலாம். மொழியை எழுதக் கற்றவர்க்கு இது பெரும்பணியன்று. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாளில் முடியும்.

நம் சமுதாயப் பெரியவர்களிடம் ஒன்று சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறோம். திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் மண்ணடியிலும் பழைய வீடுகளும், வக்ஃபு இடங்களும் உங்களுள் பலர் பொறுப்பில் உள்ளன. அவற்றை இடித்துக் கட்டும் நாள் இன்றோ நாளையோ வரும், வரவும் வேண்டும். அவ்வீடுகளில் பலவற்றின் கூரையை நாம் அறிவோம். விதி இன்று வாடகையரைத் திரும்ப அழைக்குமாறு உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் ஒப்பந்தம் எழுதும்போது, அங்கிருந்த குடித்தனங்களுக்குக் கூடுதல் தளத்தில் ஒரு பங்கு என்று எழுதிக்கொள்வதை எவ்விதியும் தடுப்பதில்லை. அரசைக் கேட்பதற்கு முன் நாம் அதனைச் செய்திருந்தால் கேட்கும் குரலுக்கு வலிமை கூடும்.

அம்மாணவர் இப்போது இரண்டாமாண்டில் படிக்கிறார். விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் முதல் பாடவேளைக்கு வந்துவிட முடிகிறது என்கிறார். மழை நாளில் முடிவதில்லை. மகளிர்க்குப் பேருந்தில் கட்டணமில்லை என்பதால் அவர் அன்னையார் எஞ்சிய அந்த ஒரு வீட்டு வேலையை விடாமல் வைத்திருக்கிறார். முதல் பாடவேளையில் தேர்வுகள் வைப்பதில்லை என்று இவ்வாண்டு துறையில் முடிவு செய்திருக்கிறோம். வருகைப்பதிவேடு பற்றி முதல்வரிடம் பேச வேண்டும்.